நீறு பூத்த நெருப்பும் நீலச் சுடரும்

அமெரிக்காவில் ஜூலை 4ஆம் தேதி மாலை ஏதாவதொரு புறநகர்த் தெருவில் நடந்துபோனால், வீட்டுக்கு வீடு பின்புறத்திலிருந்து புகை எழுவதைப் பார்க்கலாம். சுதந்திர தினமும் வெட்டவெளியில் இறைச்சி சுடுவதும் அங்கே ஒன்றோடொன்று ஒட்டியவை. சிகாகோவுக்கு அருகே என் மைத்துனர் வீட்டில் அப்படியொரு மாலையில், ஒரே தொடையிலிருந்து ஒரே தடிமனில் அறுத்த இரண்டு மாட்டிறைச்சித் துண்டுகளை இரண்டு அடுப்புகளில் போட்டோம். ஒன்று மைத்துனரின் கரி அடுப்பு. மற்றொன்று பக்கத்து வீட்டுக்காரர் சக்கரத்தில் உருட்டிக்கொண்டு வந்த கேஸ் கிரில். எது உயர்ந்தது என்ற பேச்சு விருந்து முடியும்வரை ஓயவில்லை. "கரியின் மணம் கேஸில் வராது" என்பதுதான் கரிக் கட்சியின் முதல் வாதம்.

அந்த வாதத்தில் ஒரு பிழை இருக்கிறது. நன்றாகக் கனன்ற கரிக்கு மணம் என்று சொல்லத்தக்க எதுவும் கிடையாது.

மரத்தைப் போதிய காற்றுப் படாமல் மூடிச் சுட்டால் முதலில் ஈரம் போகும். பிறகு மரத்தின் செல்லுலோஸும் லிக்னினும் சிதைந்து தாராகவும் அமிலங்களாகவும் எரியக்கூடிய வாயுக்களாகவும் வெளியேறும். விறகுப் புகைக்கு மணம் தருபவை இவைதாம். இவை போனபின் மிஞ்சுவது பெரும்பாலும் கார்பன். ஆகவே மணத்தையெல்லாம் சூளையிலேயே விட்டுவிட்டுத்தான் கரி நம் வீட்டுக்கு வருகிறது. எரியும்போது அது தருவது வெப்பத்தையும், கார்பனின் இரண்டு ஆக்சைடுகளையும், கொஞ்சம் சாம்பலையும்தான்.

அப்படியானால் மூக்கைத் துளைத்த அந்த வாசனை எங்கிருந்து வந்தது? அன்று கம்பி வலைக்குப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தேன். இறைச்சியின் அடியில் ஒரு கொழுப்புத் துளி திரண்டது. கனத்தது, நீண்டது, விழுந்தது. சாம்பல் படிந்த கங்கின்மேல் பட்ட கணத்தில் 'சுர்' என்ற ஒலி. விழுந்த இடத்தில் ஒரு கரும்புள்ளி. அதிலிருந்து நூல்போல வெண்புகை. அந்தப் புகை நேராக மேலேறி, தான் புறப்பட்ட இறைச்சியின் அடியிலேயே படிந்தது. கொழுப்பும் இறைச்சிச் சாறும் கடும் வெப்பத்தில் சிதைந்து உண்டான எண்ணற்ற மணப்பொருள்கள் அந்த நூலில் இருக்கின்றன. சுட்ட இறைச்சியின் வாசனை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இதுதான்.

கேஸ் கிரிலிலும் துளி விழத்தான் செய்கிறது. அங்கே சுடருக்கு மேலே, ஓட்டுக்கூரை போலச் சரிந்த உலோகத் தகடுகள் இருக்கும். துளி அவற்றில் பட்டுப் புகையும். ஆனால் தகட்டின் சூடு கங்கின் சூட்டைவிடக் குறைவு. எனவே துளியின் ஒரு பகுதி புகையாகாமல் வழிந்து அடித்தட்டில் சேர்ந்துவிடும். மணத்தில் வித்தியாசம் உண்டு. ஆனால் இருக்கிறது, இல்லை என்ற வித்தியாசம் அல்ல. கூட, குறைய என்ற வித்தியாசம். உண்மையான மரப்புகை மணம் வேண்டுமானால் கரியை நம்பிப் பயனில்லை. ஹிக்கரி, ஆப்பிள் போன்ற மரத்தின் துண்டு ஒன்றைக் கங்கின்மேல் வைக்க வேண்டும். அதிலுள்ள லிக்னின் சிதைந்து பிறக்கும் குவையக்கால் போன்ற பொருள்கள்தாம் புகையூட்டிய உணவுக்குத் தனி மணம் தருபவை.

மணத்தைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வெப்பம் பயணம் செய்யும் விதம். இந்த இரண்டு அடுப்புகளும் உண்மையில் பிரிவது இங்கேதான்.

தணலுக்குப் பக்கவாட்டில் கையை நீட்டிப் பாருங்கள். சூடான காற்று மேலே போகிறது. உள்ளங்கை இருப்பதோ பக்கத்தில். ஆனாலும் சுடுகிறது. இடையில் ஓர் அட்டையைப் பிடித்தால் சட்டென்று நின்றுவிடும். கையைச் சுட்டது காற்று அல்ல, கங்கிலிருந்து நேர்கோட்டில் பாயும் அகச்சிவப்புக் கதிர். ஒரு பொருள் எவ்வளவு கதிர்வீசும் என்பதற்கான விதியை ஜோசப் ஸ்டெஃபான் 1879இல் கண்டறிந்தார். அவருடைய மாணவர் லுட்விக் போல்ட்ஸ்மான் 1884இல் கோட்பாட்டிலிருந்தே அதை வருவித்தார். கெல்வினில் (செல்சியஸோடு 273 கூட்டிய அளவில்) அளந்த வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கதிர்வீச்சு கூடும் என்பதே அந்த விதி. வெப்பநிலை இரட்டித்தால் கதிர்வீச்சு பதினாறு மடங்கு ஆகும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நன்றாகக் கனலும் கங்கு 800 டிகிரி செல்சியஸ், அதாவது 1073 கெல்வின் என்று வைத்துக்கொள்வோம். கேஸ் கிரிலின் தகடு 400 டிகிரி, அதாவது 673 கெல்வின். செல்சியஸில் பார்த்தால் இரண்டு மடங்குதான். நான்காம் அடுக்கில் பார்த்தால், ஒரே அளவு பரப்பிலிருந்து கங்கு ஆறு மடங்குக்கும் மேல் கதிர்வீசுகிறது. மெரினாவில் சோளம் சுடுகிறவர் விசிறியைக் கீழே வைக்காமல் இருப்பதன் பொருளும் இதுதான். நீறு பூத்த நெருப்பின்மேல் காற்று படும்போது போர்த்தியிருந்த சாம்பல் பறக்கிறது, ஆக்சிஜன் சேர்கிறது. வெப்பநிலை சிறிது ஏறினாலே கதிர் வெகுவாக ஏறுகிறது.

கேஸின் நீலச் சுடர் கங்கைவிட அதிக வெப்பநிலை கொண்டது. ஆனால் அது கதிர்வீசுவதில் ஏழை. மெழுகுவத்திச் சுடரின் மஞ்சள் ஒளி, அதில் மிதக்கும் புகைக்கரித் துகள்கள் கனல்வதால் வருவது. காற்றோடு நன்றாகக் கலந்து முழுமையாக எரியும் கேஸில் அந்தத் துகள்கள் இல்லை. எனவே சுடர் முதலில் தகட்டையும் கம்பியையும் காற்றையும் சூடாக்கி, அவற்றின் வழியாகவே இறைச்சியைத் தொடுகிறது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கேஸ் கிரிலில் எரியும் புரொப்பேனில் ஹைட்ரஜன் இருக்கிறது, எரிந்தால் நீராவி. 44 கிராம் புரொப்பேன் எரிந்தால் 72 கிராம் நீர் உண்டாகும். ஒரு மணி நேரத்தில் முக்கால் கிலோ எரித்தால் சுமார் ஒன்றேகால் லிட்டர் தண்ணீர் ஆவியாக இறைச்சியைக் கடந்து போகிறது. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த சில்லென்ற இறைச்சியில் அதில் கொஞ்சம் முதலில் நீர்த்துளியாகவே படியும். கரியில் ஹைட்ரஜன் மிகக் குறைவு என்பதால் அதன் அனல் வறண்டது.

இறைச்சியின் மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்ட முடியாது. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி-கமீய் மையார் 1912இல் விவரித்த வினையால்தான் இறைச்சி பொன்பழுப்பாகி மணக்கிறது. சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் சேரும் அந்த வினை, 140 டிகிரிக்கு மேல்தான் விறுவிறுவென்று நடக்கும். மெல்லிய துண்டில் இது ஒரு பந்தயம்: உள்ளே வெந்து வறளுமுன் வெளியே பழுப்பேற வேண்டும். அன்று கரியில் சுட்ட துண்டில் மொறுமொறுவென்று பழுப்பு ஏறியபோது நடுவில் இன்னும் செம்மை இருந்தது. கேஸில் அதே பழுப்பு வருவதற்குள் உள்ளே சாம்பல் நிறமாகிவிட்டது.

இதை வைத்துக் கரிக்கே வெற்றி என்று தீர்த்துவிடக் கூடாது. எலும்போடு கூடிய கோழித்தொடை வேறு கதை. பாதுகாப்புக்காக அதன் உட்புறம் 74 டிகிரியை எட்ட வேண்டும். அதற்கு நேரமும் நிதானமான சூடும் தேவை. மூர்க்கமான தணலில் தோல் கரிந்துவிடும், எலும்பருகே பச்சையாக இருக்கும். கேஸில் குமிழைத் திருப்பினால் போதும், சூடு உடனே அடங்கும். வேலை முடிந்து வந்து அரைமணியில் சோறு போட வேண்டிய வீட்டுக்கு நான் கேஸைத்தான் சொல்வேன். செம்பழுப்பாய்க் கனலும் பீங்கான் தட்டு வைத்த அகச்சிவப்பு பர்னர்களும் வந்துவிட்டன. அவை சுடரை நேராகப் பயன்படுத்தாமல் தட்டைக் கனலவைத்துக் கதிர்வீசச் செய்கின்றன. கரியின் வித்தையைக் கேஸ் கற்றுக்கொண்டது என்று சொல்லலாம்.

கரியை அடக்குவதற்கு ஒரே கடிவாளம் காற்று. 1952இல் சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீஃபன், அங்கே செய்த மிதவைக் கோளத்தை இரண்டாகப் பிரித்து அடுப்பும் மூடியுமாக்கினார். மழைக்கும் காற்றுக்கும் மூடி பாதுகாப்பு. ஆனால் அதன் உயிர் கீழும் மேலும் உள்ள துளைகளில் இருக்கிறது. மேல்துளை வழியே சூடான வாயு ஏற, கீழ்த்துளை புதுக்காற்றை இழுக்கும். துளையைச் சுருக்கினால் நெருப்பு சுருங்கும். ஆனால் உடனே அல்ல, சில நிமிடம் கழித்து. அந்தத் தாமதத்தை முன்கூட்டியே கணிக்கப் பழகுவதுதான் கரி அடுப்பில் சமைப்பவரின் கைப்பக்குவம். தலையணை வடிவக் கரிக்கட்டிகள் இதற்கு உதவும். ஹென்றி ஃபோர்டின் கார் நிறுவனம் 1920களில் மிச்சிகனில் மரக்கழிவிலிருந்து இவற்றைச் செய்து விற்றது. ஒரே அளவாக இருப்பதால் ஒரே சீராக எரிகின்றன.

கேஸ் அடுப்பைப் பற்ற வைக்குமுன் மூடியைத் திறந்துவிட வேண்டும். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது; கசிந்தால் மேலே போகாது, அடியில் தேங்கி நிற்கும்.

கரியின் ஆபத்து இன்னும் மறைவானது. இருட்டிய பிறகு தணலை உற்றுப் பாருங்கள். கங்குகளின்மேல் மெல்லிய நீலச் சுடர்கள் நடுங்கிக்கொண்டிருக்கும். அது கார்பன் மோனாக்சைடு எரியும் சுடர். கங்குக் குவியலுக்குள் கார்பன் டைஆக்சைடு, கனலும் கார்பனோடு மீண்டும் சேர்ந்து மோனாக்சைடாகிறது. மேலே காற்று கிடைத்ததும் எரிகிறது. தணல் மங்கும்போது அந்தச் சுடரும் அணைந்துவிடும். வாயு மட்டும் நிறமின்றி, மணமின்றி வந்துகொண்டே இருக்கும். நெடுநேரம் புகையில் வாட்டிய இறைச்சியின் ஓரத்தில் தெரியும் இளஞ்சிவப்பு வளையத்தில் இந்த வாயுவுக்கும் பங்கு உண்டு. தசையிலுள்ள மயோகுளோபின் என்ற செந்நிறப் புரதத்தைப் பற்றிக்கொண்டு அது நிறத்தை நிலைநிறுத்துகிறது. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினையும் அப்படியே, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடியோடு பற்றிக்கொள்ளும்.

அன்று இரவு ஒன்பது மணிக்குத் தூறல் தொடங்கியது. யாரோ கரி அடுப்பைக் கார் கொட்டகைக்குள் தள்ளப் போனார்கள். மைத்துனர் ஓடிப்போய்த் தடுத்தார். மூடியைப் போட்டு, மேல்துளையையும் கீழ்த்துளையையும் இறுக மூடி, மழையிலேயே விட்டுவிட்டு வந்தார். மறுநாள் காலை திறந்தபோது பாதிக் கரி எரியாமல் அப்படியே இருந்தது. சாம்பலை உதறிவிட்டு அதிலேயே மதியத்துக்கு மக்காச்சோளம் சுட்டோம்.