யுனெஸ்கோ பட்டியலில் வந்தால் கூத்துக்காரருக்கு என்ன கிடைக்கும்?

போன பங்குனியில் செய்யாறு பக்கம் ஒரு ஊருக்குப் பாரதக் கூத்து பார்க்கப் போயிருந்தேன். ஒன்பது மணி இருக்கும், ஓலைத் தடுப்புக்குப் பின்னால் வேஷம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கூத்து வாத்தியாருக்கு அன்று துரியோதனன் வேஷம். இடது கையில் கைக்கண்ணாடி, வலது கையில் ஈர்க்குச்சி. சிவப்பு அப்பிய கன்னத்தில் ஈர்க்குச்சியைத் தொட்டுத் தொட்டு வெள்ளைப் புள்ளி வைத்துக்கொண்டே கேட்டார்: "தீபாவளியை யுனெஸ்கோவுல சேத்துட்டாங்களாமே தம்பி, நம்ம கூத்தையும் சேத்தா மாசம் என்ன வரும்?"

நேராக எதுவும் வராது. அன்றைக்கு அவரிடமும் அதைத்தான் சொன்னேன். ஆனால் அதோடு விட்டுவிட்டால் பாதிதான் சொன்னதாகும், ஏனென்றால் யுனெஸ்கோ என்ற ஐ.நா. பண்பாட்டு அமைப்பின் அந்தப் பட்டியலுக்குப் பின்னால் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது, அதில் நம் அரசும் கையெழுத்துப் போட்டிருக்கிறது, அதை வைத்து நாம் கேட்கக்கூடியவை சில இருக்கின்றன.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரம், நீலகிரி மலை ரயில் எல்லாம் இருப்பது உலக மரபுச் சின்னங்கள் பட்டியலில். அது 1972-இல் போட்ட வேறொரு ஒப்பந்தம். கட்டடம், இடம், காடு போன்றவற்றுக்கானது. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் கிடைத்தது புவிசார் குறியீடு. அது நம் நாட்டின் 1999-ஆம் வருடச் சட்டப்படி ஒரு பொருளின் பெயரை வேறு ஊர்க்காரர் போட்டு விற்காமல் தடுப்பது. ஆச்சா மரத்தில் கடைந்த அந்தக் குழலுக்குப் பாதுகாப்பு உண்டு, அதில் தோடி ராகம் வாசிக்கிற வித்தைக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. வித்தைக்கும், பாட்டுக்கும், சடங்குக்கும், கைவேலை அறிவுக்கும் என்று தனியாக வந்ததுதான் 2003-ஆம் வருட யுனெஸ்கோ ஒப்பந்தம். தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபைப் பாதுகாக்கும் ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். இந்தியா 2005-இல் சேர்ந்தது, ஒப்பந்தம் 2006-இல் நடைமுறைக்கு வந்தது, இலங்கை 2008-இல் சேர்ந்தது. இன்றைக்கு 180-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன.

வாய்மொழி மரபு, நிகழ்த்து கலை, சடங்கும் திருவிழாவும், இயற்கையைப் பற்றிய அறிவு, கைவினைத் திறன் என்று ஐந்து வகையை ஒப்பந்தம் சொல்கிறது. கூத்து இதில் எந்த வகை என்று யோசித்துப் பாருங்கள். ஐந்தில் நான்குக்குள் வந்துவிடும். பாட்டு வாய்மொழி, ஆட்டம் நிகழ்த்து கலை, திரௌபதியம்மன் திருவிழா சடங்கு, கல்யாண முருங்கைக் கட்டையில் கிரீடமும் புஜக்கட்டையும் செதுக்குவது கைவினை. வகை எதுவானாலும் பரவாயில்லை, ஒப்பந்தம் கேட்கிற முக்கியமான கேள்வி ஒன்றுதான்: இது ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறிக்கொண்டிருக்கிறதா? அருங்காட்சியகத்தில் கிரீடத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது இந்த ஒப்பந்தத்தின் கணக்கில் பாதுகாப்பு ஆகாது. அதைத் தலையில் வைத்து ஆடக் கற்றுக்கொள்ள ஒரு பையனோ பெண்ணோ வர வேண்டும்.

சரி, பட்டியலுக்கு வருவோம். மூன்று இருக்கின்றன. ஒன்று எல்லோரும் பேசுகிற பிரதிநிதித்துவப் பட்டியல். இரண்டாவது, அழியும் நிலையில் இருப்பவற்றுக்கான அவசரப் பாதுகாப்புப் பட்டியல். மூன்றாவது, நன்றாகப் பாதுகாத்துக் காட்டிய முயற்சிகளின் பதிவேடு. கேரளத்தின் சமஸ்கிருத நாடகமான கூடியாட்டம், வேதம் ஓதுதல், ராம்லீலா என்று தொடங்கி 2021-இல் கொல்கத்தா துர்கா பூஜை, 2023-இல் குஜராத்தின் கர்பா நடனம், 2025 டிசம்பரில் டெல்லி செங்கோட்டையில் நடந்த கூட்டத்தில் தீபாவளி வரைக்கும் இந்தியாவுக்கு 16 இருக்கின்றன, பதினாறுமே முதல் பட்டியலில்தான். தமிழ்நாட்டுக்கே உரியது என்று சொல்லும்படி அதில் ஒன்றுகூட இல்லை.

2021, 2023, 2025 என்று ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் வருவதைக் கவனித்திருப்பீர்கள். எத்தனை கோப்புகளை ஒரு வருடத்தில் பார்ப்பது என்பதற்கு யுனெஸ்கோ வரம்பு வைத்திருக்கிறது. அதனால் இரண்டு வருடத்துக்கு ஒரு கோப்பு என்பதுதான் ஒரு நாட்டுக்கு உறுதியாகக் கிடைக்கிற வாய்ப்பு. இத்தனை மாநிலம், இத்தனை கலை, இரண்டு வருடத்துக்கு ஒன்று. வரிசையில் நின்றால் எப்போது நம் முறை வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். எனக்கு வருத்தமெல்லாம், கோடிக்கணக்கான பேர் கொண்டாடுகிற, யாரும் அழித்துவிட முடியாத திருவிழாக்களுக்கே அந்த ஒற்றை வாய்ப்பு தொடர்ந்து போகிறது என்பதுதான். தோல்பாவைக் கூத்து போடுகிற குடும்பங்கள் எத்தனை மிச்சம் என்று கன்னியாகுமரி, மதுரைப் பக்கம் போய் விசாரித்தால் தெரியும். இரண்டாவது பட்டியல் அவர்களுக்காகத்தான் இருக்கிறது. அந்தக் கதவு வழியாக நம் நாட்டிலிருந்து இன்னும் எதுவும் உள்ளே போகவில்லை.

ஒரு கோப்பு எப்படிப் போகிறது? நம் நாட்டில் இதற்குப் பொறுப்பு மத்திய கலாச்சார அமைச்சகத்தின் கீழுள்ள சங்கீத நாடக அகாடமிக்கு. ஒவ்வொரு வருடமும் மார்ச் 31-க்குள் கோப்பு பாரிஸ் போய்ச் சேர வேண்டும். படிவத்தோடு பத்துப் புகைப்படமும் ஒரு சின்ன வீடியோவும் போக வேண்டும். ஆறு நிபுணர்களும் ஆறு தொண்டு அமைப்புகளும் சேர்ந்த 12 பேர் குழு அதைப் படித்துப் பரிந்துரை தரும், 24 நாடுகளின் கமிட்டி அடுத்த வருடக் கடைசியில் முடிவு செய்யும். அவர்கள் பார்க்கிற ஐந்து அளவுகோல்களில் நமக்கு மிக முக்கியமானவை இரண்டு என்று நினைக்கிறேன். ஒன்று, அந்தக் கலையைச் செய்கிற மக்கள் கோப்புத் தயாரிப்பதில் பங்கெடுத்திருக்க வேண்டும், அவர்கள் விஷயம் தெரிந்து, தாமாகவே சம்மதித்தார்கள் என்பதற்கு எழுத்தில் சான்று இருக்க வேண்டும். அதிகாரியும் பேராசிரியரும் உட்கார்ந்து எழுதிவிட்டால் போதாது. இரண்டாவது, அந்த மரபு ஏற்கெனவே நாட்டின் சொந்தப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும்.

அந்தப் பதிவேடுதான் 2020 ஏப்ரலில் அமைச்சகம் வெளியிட்ட தேசியப் பட்டியல். நூற்றுக்கும் மேற்பட்ட மரபுகள் அதில் இருக்கின்றன. நம் வாசலில் தினமும் போடுகிற கோலம் இருக்கிறது, நிழல் பொம்மை மரபுகளில் ஒன்றாகத் தோல்பாவைக் கூத்தும் இருக்கிறது. கோலத்தைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. விடிகாலையில் சாணம் தெளித்து, ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் மாவைக் கசிய விட்டு, புள்ளி வைத்து, கை எடுக்காமல் சிக்குக்கோலத்தை முடிக்கிற அம்மாக்களுக்கு யாரும் விருது கொடுத்ததில்லை, அவர்கள் அதைக் கலை என்று சொல்லிக்கொண்டதும் இல்லை.

இனி வாத்தியார் கேட்ட பணம். யுனெஸ்கோவின் மரபு நிதியம் நாடுகளுக்கும் திட்டங்களுக்கும் உதவுகிறது, தனி ஆளுக்கு மாதச் சம்பளம் தருவதில்லை. உறுப்பு நாடுகள் யுனெஸ்கோவுக்குக் கட்டுகிற சந்தாவில் அதிகபட்சம் ஒரு சதவீத அளவுக்கு இதற்கென்று கட்டுகின்றன. கையிருப்பு பெரியதல்ல. தனி ஆளுக்குப் பயன்படுவது உள்நாட்டுத் திட்டங்கள்தான், இவற்றுக்குப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. இதைத்தான் நான் பார்க்கிற கலைஞர்களிடமெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

தஞ்சாவூரில் இருக்கிற தென்னகப் பண்பாட்டு மையத்தின் குரு–சிஷ்ய பரம்பரைத் திட்டம் அதில் ஒன்று. அருகிவரும் கலையைச் சொல்லிக்கொடுக்கிற குருவுக்கு மாதம் 7,500 ரூபாய், பக்கவாத்தியக்காரருக்கு 3,750, கற்றுக்கொள்கிற ஒவ்வொருவருக்கும் 1,500. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை. பெரிய தொகை இல்லைதான், ஆனால் முகவீணை என்ற சின்னக் குழலை வாசிக்கத் தெரிந்த கடைசி ஆள் ஒருவர் உங்கள் ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், இருந்தால், இரண்டு பிள்ளைகளை அவர் பக்கத்தில் உட்கார வைக்க இது போதும். அப்புறம், 60 வயது தாண்டிய, ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் போகாத கலைஞர்களுக்கு அமைச்சகம் மாதம் 6,000 ரூபாய் வரை உதவித்தொகை தருகிறது. மாநில அளவில் 2007-இல் தொடங்கிய நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இருக்கிறது. அதில் உறுப்பினர் அட்டை எடுப்பதுதான் முதல் படி. தொகையும் நிபந்தனையும் அவ்வப்போது மாறும், விண்ணப்பம் போடும்போது கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டியலால் பலனே இல்லை என்று சொல்ல வரவில்லை. கேரளத்தின் கூடியாட்டத்தை 2001-இல் யுனெஸ்கோ மனித குலத்தின் அரும்படைப்பு என்று அறிவித்தது, அதன் பிறகு 2007-இல் சங்கீத நாடக அகாடமி அதற்கென்று திருவனந்தபுரத்தில் ஒரு மையமே திறந்தது. ஆனால் அந்தக் கலையைக் காப்பாற்றிய பெரிய வேலை அதற்கும் வெகு முன்னால் நடந்துவிட்டது. கோயில் கூத்தம்பலத்துக்குள் சாக்கியார், நம்பியார் குடும்பங்கள் மட்டும் செய்துவந்ததை பைங்குளம் ராம சாக்கியார் 1949-இல் கோயிலுக்கு வெளியே ஆடிக் காட்டினார். சொந்த சமூகத்திலேயே எதிர்ப்பு இருந்தது. 1965-இல் கேரள கலாமண்டலம் என்ற கலைப் பள்ளியில் கூடியாட்டப் பாடம் தொடங்கியபோது அவரே ஆசிரியராகப் போனார், மற்ற சாதிப் பிள்ளைகளும் கற்க வழி பிறந்தது. ஒரு மனிதரின் துணிச்சலும் ஒரு அரசு நிறுவனத்தின் இடமும் சேர்ந்துதான் யுனெஸ்கோ வரும்வரை அந்தக் கலையை உயிரோடு வைத்திருந்தன.

சாதி என்று வந்ததால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மரபு என்று சொல்லப்படுகிற எல்லாமே பாதுகாக்கத் தக்கவை என்று இந்த ஒப்பந்தம் சொல்லவில்லை. மனித உரிமைக்கும் பரஸ்பர மரியாதைக்கும் பொருந்துகிற மரபு மட்டுமே கணக்கில் வரும் என்று இரண்டாவது பிரிவிலேயே எழுதியிருக்கிறார்கள், எழுதியதோடு நிற்கவும் இல்லை. பெல்ஜியத்தின் ஆல்ஸ்ட் நகரத் திருவிழா ஊர்வலத்தில் யூதர்களை இழிவுபடுத்தும் உருவங்கள் வந்ததற்காக 2019-இல் அதைப் பட்டியலிலிருந்தே நீக்கினார்கள். இதை நம் பறையோடு வைத்துப் பாருங்கள். சாவுக்கு அடித்தே ஆக வேண்டும் என்று ஒரு சமூகத்தின் தலையில் கட்டிய கட்டாயம் பாதுகாக்க வேண்டிய மரபு அல்ல, அது ஒழிய வேண்டியது. அந்தக் கட்டாயத்தை மறுத்துவிட்டு, இது எங்கள் கலை, நாங்கள் விரும்பும் இடத்தில், கேட்கும் மரியாதையோடு அடிப்போம் என்று பறையைக் கையில் எடுத்தார்களே, அதுதான் பாதுகாக்க வேண்டியது. பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது ஊர் ஊராகப் பறைக் குழுக்கள் கொண்டாடியது இதனால்தான்.

நாடுகள் சேர்ந்து செய்கிற வேலையும் இதில் இருக்கிறது, நம் ஆட்கள் அதிகம் பேசாத பகுதி அது. ஒரே மரபு பல நாட்டில் இருந்தால் எல்லோரும் சேர்ந்து ஒரே கோப்பாகக் கொடுக்கலாம், அப்படி வருகிற கோப்புக்கு முன்னுரிமையும் உண்டு. வல்லூறு பழக்கி வேட்டையாடும் மரபை 2010-இல் 11 நாடுகள் சேர்ந்து கொடுத்தன, 2021-இல் அது 24 நாடுகளாயிற்று. வட கொரியாவும் தென் கொரியாவும் தங்கள் மல்யுத்தத்துக்குத் தனித்தனியாகக் கோப்புக் கொடுத்திருந்தன, 2018-இல் மொரீசியஸில் நடந்த கூட்டத்தில் இரண்டையும் ஒன்றாக்கி ஏற்றுக்கொண்டார்கள். எல்லையில் துப்பாக்கியோடு நிற்கிற இரண்டு நாடுகளுக்கே இது முடிந்தது. மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடிக் கூத்து இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் நாட்டுக்கூத்து இருக்கிறது, இங்கே தெருக்கூத்து. பாரதக் கதையை இரவெல்லாம் ஆடுகிற வழக்கம் இரண்டு கரையிலும் உண்டு. இலங்கைக்கு 2018-இல் அதன் நூல்பொம்மை நாடகம் பட்டியலில் ஏறியது, ஆக அவர்களுக்கும் நடைமுறை தெரியும். இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து கூத்துக்கு ஒரே கோப்புக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. இரண்டு அரசும் மனது வைத்தால் விதியில் தடை ஏதும் இல்லை.

அதற்கெல்லாம் முன்னால், கலைஞர்கள் தாங்களே செய்து வைத்துக்கொள்ளக்கூடிய வேலை இருக்கிறது. ஜமாவில் யார் யார், யாரிடம் கற்றார்கள், என்னென்ன நாடகம் கைவசம், எந்தெந்த ஊருக்கு எத்தனை வருடமாகப் போகிறார்கள், இப்போது கற்றுக்கொள்கிறவர்கள் யார் என்று ஒரு நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டு வைத்தால், நாளைக்கு நல வாரியத்துக்கும் தஞ்சாவூர் மையத்துக்கும் தேசியப் பட்டியலுக்கும் அதே தகவல்தான் தேவைப்படும். கூடவே ஒரு இரவுக் கூத்தை முழுதாக, வெட்டாமல் வீடியோ எடுத்து வைப்பது நல்லது.

அன்று விடிந்து துரியோதனன் படுகளம் முடிந்த பிறகு, டீக்கடைப் பலகையில் உட்கார்ந்து நாங்கள் அந்த நோட்டைத் தொடங்கினோம். வாத்தியார் காதோரம் சிவப்பு இன்னும் போகவில்லை. பகடைத் துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று வரிசையாகச் சொல்லச் சொல்ல எழுதினேன். கற்றுக்கொள்கிறவர்கள் என்ற இடம் வந்ததும் கொஞ்சம் யோசித்துவிட்டு இரண்டு பேர் பெயர் சொன்னார். ஒருவன் பத்தாவது படிக்கிற பையன். இன்னொன்று அவருடைய பேத்தி. "பொண்ணு பேரையும் எழுதலாமில்ல தம்பி?" என்று கேட்டார். தாராளமாக எழுதலாம் என்று சொல்லி, பேத்தி பெயரை முதலில் எழுதினேன்.