டைரெட்டில் தேடியதும் 'டி' அடிக்காதீர்கள்

மறுபடியும் அதே புகார். ஒரு வாடிக்கையாளரின் டேட்டாபேஸ் சர்வர் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு எழவே இல்லை. பார்த்தால், யார் உள்ளே வரலாம் என்ற விதிகள் இருக்கும் பிஜி_எச்பிஏ.கான்ஃப் ஃபைலைக் காணோம். "பழைய காப்பியைத்தான் டெலீட் பண்ணேன், கர்சர் தானா வேற லைனுக்குப் போயிடுச்சு" என்கிறார், ஈமேக்ஸ் எடிட்டரின் ஃபைல் பட்டியலான டைரெட்டில் வேலை செய்த அட்மின். ஓடிக்கொண்டிருக்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் அந்த விதிகளை மெமரியில் வைத்திருக்கும். அதனால் ஃபைல் போனது ரீஸ்டார்ட் வரை யாருக்கும் தெரியவில்லை.

கர்சர் தானாகப் போகாது. டச்பேடையும் ஈமேக்ஸையும் குறை சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். டைரெட் காட்டுவது வெறும் எழுத்து: அனுமதிகள், ஓனர், குரூப், அளவு, தேதி, கடைசியில்தான் ஃபைல் பெயர். கண்ட்ரோல்-எஸ் அழுத்தினால் இந்த மொத்த எழுத்திலும் தேடும். ஃபைல் பெயரில் மட்டும் தேடாது. அந்த டைரக்டரியில் எல்லா ஃபைலுக்கும் ஓனர் 'போஸ்ட்கிரெஸ்'. அவர் தேடிய சொல்லும் அதுவே. அடுத்த வரியின் ஓனர் இடத்தில் கர்சர் நின்றது, சொல் நிறம் மாறித் தெரிந்தது, கிடைத்துவிட்டது என்று எண்டர் தட்டி, டெலீட் செய்யும் பெரிய 'டி'யை (D) அழுத்திவிட்டார். பெரிய 'டி' அந்த வரியின் ஃபைலைத்தான் எடுக்கும், கர்சர் வரியில் எங்கே நின்றாலும் சரி. '2023' என்று தேடினாலும் இதே கதைதான்: ஆறு மாதத்துக்கு மேல் பழைய ஃபைலென்றால் தேதியில் ஆண்டு இருக்கும், அங்கே போய் நிற்கும்.

இத்தனைக்கும் டைரெட் ஃபைல் பெயரைக் காட்டி, 'யெஸ்' என்று முழுதாகத் தட்டச் சொல்லித்தான் கேட்கிறது. அந்தப் பெயரை யாரும் படிப்பதில்லை!

பெயர் தெரிந்தால் தேடவே வேண்டாம். 'ஜே' அழுத்திப் பெயரைக் கொடுங்கள், நேராக அங்கே போகும். தேடித்தான் ஆக வேண்டுமென்றால் ஆல்ட்-எஸ், எஃப், கண்ட்ரோல்-எஸ்: இது பெயர்களில் மட்டும் தேடும். எப்போதும் அப்படியே வேண்டுமானால் 'டைரெட்-ஐசர்ச்-ஃபைல்நேம்ஸ்' அமைப்பை 'டி' (ஆங்கில t) என்று வைத்துவிடுங்கள். இது நிறுவியதும் செய்ய வேண்டிய வேலை. அப்புறம், முன்பே எதற்காவது ஸ்டார் குறி போட்டிருந்தால் பெரிய 'டி' கர்சர் வரியை விட்டுவிட்டுக் குறி போட்டதை அழிக்கும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விம் எடிட்டர் பயன்படுத்துபவர்களுக்கும் இது உண்டு. அதன் ஃபைல் பட்டியலான நெட்ஆர்டபிள்யூவின் தலைப்பில் வரிசைப்படுத்தும் விதி எழுதியிருக்கும், அதில் '.பேக்' உட்படப் பல பின்னொட்டுகள் வரும். 'பேக்' என்று தேடி, அடுத்த இடத்துக்குப் போக 'என்' அழுத்திக்கொண்டே போனால் அங்கேயும் போய் நிற்கும். பெரிய 'ஐ' அழுத்தினால் தலைப்பு மறைந்துவிடும்.

புரொடக்‌ஷன் சர்வரில் வேலை செய்கிற தம்பி தங்கைகளே, ஒன்றே ஒன்று கேட்கிறேன்: சின்ன 'டி' (d) போட்டுக் குறித்து, வரியை இடமிருந்து வலமாக ஒருமுறை படித்துவிட்டு, அப்புறம் 'எக்ஸ்' அழுத்துங்கள். ஈமேக்ஸ் இயல்பாக எதையும் குப்பைத்தொட்டிக்கு அனுப்பாது. போனால் பேக்கப்பில்தான் தேட வேண்டும்.