'உறையாமை' என்று எழுதாதீர்கள்

ஹீமோபிலியாவுக்கு 'இரத்தம் உறையாமை நோய்' என்று எழுதுவதை எப்போது நிறுத்தப் போகிறார்களோ தெரியவில்லை. மட்டக்களப்பில் துண்டுப்பிரசுரம், பத்திரிகைத் துணுக்கு, மாணவர் கட்டுரை, எதை எடுத்தாலும் இதே தொடர்தான்.

சொல்லின் பிறப்பு இதுதான்: கிரேக்கத்தில் 'ஹைமா' இரத்தம், 'ஃபிலியா' பற்று. 1828இல் ஹொப்ஃப் என்பவரின் ஜெர்மன் ஆய்வேட்டில் இப்பெயர் வந்தது. மூலச்சொல்லே நோயைச் சரியாகச் சொல்லவில்லை. தனித்தமிழ் ஆர்வத்தில் 'குருதிநேயம்' என்று வைத்தால் இரத்ததானக் கழகத்தின் பெயர் போலிருக்கும்.

சரி, 'உறையாமை'க்கு வருவோம். கல்லாமை, உண்ணாமை, தீண்டாமை: 'ஆமை' என்று முடிந்தால் அந்தச் செயல் அடியோடு இல்லை என்று பொருள். இங்கே நடப்பது அதுவல்ல. இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களான உறைவுக் காரணிகளில் எட்டாவது குறைந்தால் ஹீமோபிலியா ஏ, ஒன்பதாவது குறைந்தால் பி. படுவான்கரையில் தயிர் போடுகிறவர்களைக் கேளுங்கள். உறைமோர் குறைந்தால் தயிர் பிந்தும், இளகியே நிற்கும். 'உறையவே இல்லை' என்று அவர்கள் சொல்வதில்லை. காரணி கொஞ்சமாவது உள்ளவருக்குப் பல்லுப் பிடுங்கும்வரை நோய் இருப்பதே தெரியாமல் போகலாம்.

பெயர் பிழையானால் வைத்தியமும் பிழையாகிறது. 'உறையாமை' என்று கேட்டவர்கள் முள் கீறினாலே உயிர் போய்விடும் என்று பிள்ளையை வீட்டுக்குள் அடைக்கிறார்கள். சின்னக் கீறலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். மோசமானது உள்ளே கசிவது: முழங்கால், முழங்கை, கணுக்கால் மூட்டுகளில். தலையில் அடிபட்டால் இன்னும் ஆபத்து. வெளியே சொட்டு இரத்தம் தெரியாததால் வீங்கிய முழங்காலைச் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவிவிடுகிறார்கள்.

'உறைவுக் குறைபாடு' என்று எழுதுங்கள். பரம்பரையாக வருவதென்றால் 'பரம்பரை உறைவுக் குறைபாடு'. 1926இல் பின்லாந்து மருத்துவர் வொன் வில்லிபிராண்ட் விவரித்த நோயும் இதற்குள் அடங்கும். அது ஆண், பெண் இருபாலாருக்கும் வரும். அடிக்கடி மூக்கால் இரத்தம் வடிகிற, மாதவிடாய் மிகுதியான பெண்பிள்ளையை 'இது ஆம்பிளப் பிள்ளைகளுக்கு வாற வருத்தம்' என்று திருப்பி அனுப்பக் கூடாது.

இன்னொன்று, அடிபட்ட இடம் தோலுக்கடியில் இரத்தம் கட்டிக் கறுப்பதற்கு எழுதும் 'தோலடிக் குருதிக்கசிவு'. இதை எழுதியவர் வீட்டில் யாராவது அப்படிப் பேசுவார்களா? நம் சனம் 'கண்டிப்போச்சு' என்கிறது. கன்று நம் பேச்சில் கண்டு ஆவதுபோல, கன்றல் இங்கே கண்டல். நல்ல பழந்தமிழ். அடிபட்ட நினைவில்லாமல் பெரிய கண்டல்கள் திரும்பத் திரும்ப வந்தால் இரத்தப் பரிசோதனை வேண்டும், வைத்தியரைக் கேட்காமல் அஸ்பிரின் கொடுக்கக் கூடாது என்று எழுதினால் எந்தத் தாய்க்கும் விளங்கும். வாவிக்கரைக் கண்டல் மரத்தோடு குழம்பும் என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் ஆட்சேபித்தார். பிள்ளையின் தொடையில் கண்டல் என்றால் யார் போய் மரத்தைத் தேடப் போகிறார்கள்?