15 ஓம் ஸ்பீக்கருக்கு 15 வாட் வால்வு ஆம்ப் ஏன் போதும்?

எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களிடம் என்ன ஆம்ப்ளிஃபயர் போடலாம் என்று கேட்டால், பாதிப் பேராவது வால்வு ஆம்ப், அதாவது டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழல்களை வைத்து ஓடும் ஆம்ப்ளிஃபயர், போடுங்கள் என்பார்கள். ஏன் என்று கேட்டால் வால்வின் இனிமை, வெதுவெதுப்பு என்று பேச்சு போகும். இனிமை இருக்கட்டும், அதற்கு முன்னால் ஒரு சாதாரணக் கணக்கு இருக்கிறது. அதைப் போட்டுப் பார்க்காமல் வாங்கியவர்கள்தான் பிறகு "சத்தம் பத்தவில்லை", "பேஸ் குழறுகிறது" என்று வருத்தப்படுகிறார்கள்.

முதலில் ஸ்பீக்கர். 1970களின் முற்பகுதியில் பிபிசியின் ஆய்வுத் துறை உருவாக்கியது இது. ஸ்டூடியோவுக்கு வெளியே போய் ஒலிபரப்பும் வேன்களுக்குள் பெரிய மானிட்டர் வைக்க இடமில்லை, ஹெட்ஃபோனை நம்பி ஒலியின் தரத்தைத் தீர்மானிக்கவும் முடியாது, அதனால் 30 செ.மீ. உயரமும் 19 செ.மீ. அகலமும் உள்ள ஒரு மூடிய பெட்டி. உள்ளே கெஃப் நிறுவனத்தின் பி110 வூஃபர் கீழ் ஒலிகளுக்கு, டி27 ட்வீட்டர் மேல் ஒலிகளுக்கு. வலையைக் கழற்றிப் பார்த்தால் ட்வீட்டரைச் சுற்றி நாலு பக்கமும் கம்பளித் துண்டு ஒட்டியிருக்கும், ஓரங்களில் ஒலி பட்டுச் சிதறாமல் இருக்க. ஒலியை இந்த இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் போர்டில் ட்வீட்டருக்கென்றே பல டேப்பிங் (நடுநடுவே எடுத்த இணைப்பு) வைத்த ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். ஒவ்வொரு ட்வீட்டரும் கொஞ்சம் கூடவோ குறையவோ ஒலிக்கும் என்பதால் அதன் அளவைத் தனித்தனியாகச் சரிசெய்வார்கள். இவ்வளவு சின்னப் பெட்டியில் பேஸையும் கொண்டுவந்து, மேலே கீழே எல்லாவற்றையும் சமன்படுத்தியதற்குக் கொடுத்த விலை, சென்சிடிவிட்டி, அதாவது கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது. 2.83 வோல்ட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 82, 83 டெசிபல்தான்.

இந்த எண்ணைப் பார்த்ததும் பயந்துபோய் 100 வாட் ஆம்ப் தேடுபவர்கள் உண்டு. ஆனால் 2.83 வோல்ட் என்பது 8 ஓம் ஸ்பீக்கரில்தான் ஒரு வாட். பழைய எல்எஸ்3/5ஏ 15 ஓம் ஸ்பீக்கர். அதில் அதே வோல்ட் அரை வாட்டுக்குச் சற்று மேல்தான் ஆகும். அதாவது வாட் கணக்கில் பார்த்தால் இந்த ஸ்பீக்கர் 85 டெசிபலைத் தாண்டிவிடுகிறது. வோல்ட் கணக்கில் மந்தம், வாட் கணக்கில் அவ்வளவு மோசமில்லை. விஷயமே இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

டிரான்சிஸ்டர் ஆம்ப் பொதுவாக ஸ்பீக்கரோடு நேராக இணைந்திருக்கும். அதன் பவர் சப்ளை எத்தனை வோல்ட் தருகிறதோ அதுதான் எல்லை. இம்பீடன்ஸ் (ஓமில் அளக்கும் மின்தடை) இரண்டு மடங்கானால் கரண்ட் பாதியாகும், வாட்டும் பாதியாகும். 8 ஓமில் 28 வாட் என்று எழுதியிருக்கும் ஆம்ப், 15 ஓமில் 15 வாட்தான் கொடுக்கும்.

வால்வு ஆம்ப் அப்படியில்லை, நடுவில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. வால்வுக்கு வோல்டேஜ் நிறைய, கரண்ட் கொஞ்சம். புஷ்புல்லாக, அதாவது ஒன்று தள்ள ஒன்று இழுக்க வேலை செய்யும் ஒரு ஜோடி இஎல்84 வால்வு, எதிரே சுமார் 8,000 ஓம் இருந்தால்தான் நிம்மதியாக வேலை செய்யும். ஸ்பீக்கரோ 8 அல்லது 15 ஓம். சைக்கிளில் கியர் மாற்றுவதுபோல டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைத்துக் கரண்ட்டைக் கூட்டித் தருகிறது, எதிர்ப்பக்கம் அந்தச் சிறிய ஓமை வால்வுக்குப் பெரிதாகக் காட்டுகிறது. சுற்றுகளின் விகிதத்தை அதே விகிதத்தால் பெருக்கினால் வருவதுதான் இம்பீடன்ஸ் விகிதம்: 8,000 ஓமை 16 ஓமாக்க 500 மடங்கு, அதற்குச் சுற்று விகிதம் 22 சொச்சம். பின்பக்கம் 4, 8, 16 என்று போட்டிருக்கும் முனைகள் இதற்காகத்தான். 16-ல் 15 ஓம் ஸ்பீக்கரைக் கோத்தால் ஆம்ப் தன் முழு பவரையும் கொடுக்கும், பாதி வீணாகாது.

குவாட் II ஆம்ப்ளிஃபயரை எடுத்துக்கொள்ளுங்கள். 1953-ல் வந்தது, பீட்டர் வாக்கர் வடிவமைத்தது, இரண்டு கேடி66 வால்வு, 15 வாட். அந்தக் காலத்து பிரிட்டிஷ் ஸ்பீக்கர்களில் 15 ஓம் சகஜம் என்பதால் அதன் டிரான்ஸ்ஃபார்மரிலேயே 15 ஓமுக்கு இணைப்பு உண்டு. 15 ஓமில் 15 வாட் என்றால் 15 வோல்ட். அதே 15 வோல்ட்டை 8 ஓமில் கணக்கிட்டால் 28 வாட். ஆக இந்த ஸ்பீக்கருக்கு முன்னால் 15 வாட் குவாட்டும் 28 வாட் டிரான்சிஸ்டரும் சத்தத்தில் ஒன்றே. ஒரு மீட்டரில் உச்சமாக 97 டெசிபல் கிடைக்கும், வீட்டு அறைக்கு அது தாராளம். எப்படியும் 15 ஓம் எல்எஸ்3/5ஏ தாங்கக்கூடியது 25 வாட் அளவுதான், அதற்கு மேல் சிந்திப்பதில் பொருளில்லை.

அடுத்து, பேஸ் குழறுவது எங்கிருந்து வருகிறது? 15 ஓம் என்பது பெயருக்குத்தான், ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஒலியின் அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும். பெட்டியின் ரெசனன்ஸ் (தானாகவே அதிகம் அதிரும் அதிர்வெண்) வரும் இடத்தில் மலைபோல ஏறும். ஆம்ப்புக்கென்றும் ஒரு உள் இம்பீடன்ஸ் உண்டு, ஸ்பீக்கரோடு சேர்ந்து அது வோல்ட்டைப் பங்குபோட்டுக்கொள்ளும். ஃபீட்பேக் (வெளியீட்டில் கொஞ்சத்தை உள்ளே திருப்பிப் பிழையைத் திருத்துவது) இல்லாத, ஜோடியில்லாமல் தனி 300பி வால்வு வேலை செய்யும் சிங்கிள் எண்டட் ஆம்ப்பில் அது 3 ஓம் என்று வைப்போம். ஸ்பீக்கர் 10 ஓமாக இருக்கும் இடத்துக்கும் 50 ஓமாக இருக்கும் இடத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட 1.8 டெசிபல் வித்தியாசம் வந்துவிடும். அரை ஓம் உள்ள புஷ்புல் ஆம்ப்பில் அதுவே 0.3 டெசிபல். இந்த ஸ்பீக்கரில் மேல்பேஸில் ஏற்கெனவே ஒரு சின்ன மேடு இருக்கிறது, சின்னப் பெட்டியிலும் பேஸ் இருப்பதாகக் காதுக்குத் தோன்ற அது உதவும். அதற்கும் மேல் ஒன்றரை டெசிபல் ஏற்றினால் செல்லோ நன்றாகத்தான் இருக்கும், ஆண் குரல் மட்டும் மார்புக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கனத்துவிடும். மனிதக் குரலை உள்ளபடி காட்டுவதுதான் இந்த ஸ்பீக்கரின் பெருமை, அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வராது. அதனால் 300பி-யின் அழகு தெரிந்தும், என் ஓட்டு ஃபீட்பேக் உள்ள இஎல்84 அல்லது கேடி66 புஷ்புல்லுக்குத்தான்.

80களின் பிற்பகுதியில் வந்த மாதிரிகள் 11 ஓம். பி110 மாறியது, கிராஸ்ஓவரும் மாறியது. 11 என்றால் 8-லும் சேராது, 16-லும் சேராது. இரண்டிலும் கேட்டுப் பார்க்கலாம், கெடுதல் இல்லை. நான் 8-லிருந்து தொடங்கச் சொல்வேன்: வால்வுக்கு எதிரே 8,000-க்குப் பதில் 11,000 ஓம் தெரியும், உச்ச பவர் கொஞ்சம் குறையும், ஆனால் டிஸ்டார்ஷன் பெரும்பாலும் இறங்கும். அந்த முனையில் ஆம்ப்பின் உள் இம்பீடன்ஸும் 16-ல் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான், பேஸ் இறுக்கமாகும். அறை சின்னது, சத்தமும் மிதம் என்றால் 15 ஓம் ஜோடியைக்கூட 8-ல் போட்டுக் கேட்கலாம்.

முனை மாற்றும்போது ஆம்ப்பை அணைத்துவிட்டு மாற்றுங்கள். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்ப்பில் பாட்டு ஓடக் கூடாது, வால்வு பக்கச் சுற்றான பிரைமரியில் வோல்டேஜ் எகிறி டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷனே உடைந்துபோகும். 50களின் ஆம்ப் என்றால் வாங்கியதும் மின்சாரம் கொடுக்காமல், பழைய கப்பாசிட்டர்களை விஷயம் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டி மாற்றிவிட்டு ஓட்டுங்கள், உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது.