ஹிக்கின்பாதம் என்ற பெயருக்குக் கேடயம் கிடையாது

மறுபடியும் ஒரு கேடயப் படம். கண்ணாடிச் சட்டத்துக்குள் சிவப்பும் தங்கமுமாக ஒரு சின்னம், அதன் கீழே சுருள் பட்டையில் ‘ஹிக்கின்பாதம்’ என்ற பெயர், பின்பக்கம் ஒட்டிய தாளில் பத்து வரிக் ‘குடும்ப வரலாறு’. இணையத்தில் காசு கொடுத்து வாங்கிவிட்டு, பிரிட்டனின் வம்சாவளி விசா விண்ணப்பத்தோடு இதை இணைக்கலாமா என்று கேட்கிறார்கள். குடிவழி ஆய்வுத் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி ஓய்வதே இல்லை. இணைக்கக் கூடாது. அந்தத் தாள் எதற்கும் சான்றாகாது. அதில் இருக்கும் வரலாறு உங்கள் குடும்பத்தின் வரலாறும் இல்லை.

இந்தப் பெயரையே எடுத்துக்கொண்டு பேசுவோம். சென்னைக்காரர்களுக்கு அறிமுகம் தேவைப்படாத ஆங்கிலக் குடும்பப்பெயர் இது. ஏபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் 1844-இல் தொடங்கிய புத்தகக் கடை அண்ணா சாலையில் இன்றும் இருக்கிறது. ஆனால் இங்கிலாந்தில் இது ஸ்மித், ஜோன்ஸ் போலத் தெருவுக்குத் தெரு கிடைக்கும் பெயரல்ல. வடமேற்கு இங்கிலாந்தின் ஒரு மூலையில் பிறந்து, வெகுகாலம் அந்த வட்டாரத்தைச் சுற்றியே வாழ்ந்த பெயர்.

பிறந்த இடம் பழைய லங்காஷயர் மாவட்டத்தில் போல்ட்டன் நகரத்தின் கிழக்குப் பகுதியில் இருக்கும் ஓக்கன்பாட்டம் என்பதே பெயராய்வாளர்களிடையே வலுவான கருத்து. ‘பாட்டம்’ என்றால் அந்த வட்டாரப் பேச்சில் பள்ளத்தாக்கின் தரை, ஓடையை ஒட்டிய தாழ்நிலம். முன்பாதி ஓக் மரத்தைக் குறிக்கிறது என்பார்கள். ரோவன் எனப்படும் மலை ஆஷ் மரத்தின் வட்டார வழக்குப் பெயர் அது என்று சொல்பவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும், மரங்கள் அடர்ந்த ஓடைக்கரைத் தாழ்நிலத்தின் பெயர் அது. ‘ஹிக்கின் என்பவரின் பள்ளத்தாக்கு’ என்று அந்தப் பத்து வரித் தாள்கள் சொல்வது பின்னால் ஏறிய ஒலியை வைத்துச் சொல்லும் கதை. ரிச்சர்ட் என்ற பெயரின் செல்லச் சுருக்கமாக ஹிக்கின் அந்தப் பகுதியில் வழங்கியது. பொருள் மறந்துபோன ஊர்ப்பெயரைத் தெரிந்த ஆள்பெயரின் ஒலிக்கு மக்கள் இழுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். லங்காஷயர்ப் பேச்சில் சொல்லின் முதலில் வரும் ‘எச்’ ஒலி தானாக விழும். விழுந்ததாக நினைத்து, இல்லாத இடத்தில் ஒட்டிவைப்பதும் நடக்கும். தேடும்போது இது உயிர்நாடியான விஷயம். கீழே வருகிறேன்.

ராம்ஸ்பாட்டம், விண்டர்பாட்டம், லாங்பாட்டம், ஷஃபிள்பாட்டம் எல்லாம் இதே வகைப் பெயர்கள். இவற்றில் கேலிக்கு எதுவும் இல்லை. ‘பாட்டம்’ என்பதைப் பிட்டத்தோடு முடிச்சுப் போட்டுச் சிரிப்பவர்களுக்கு அந்த நிலப்பரப்பு தெரியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஊரை வைத்து வந்த குடும்பப்பெயர், அந்த ஊரில் ஆழமாக வேரூன்றியிருப்பதைக் காட்டுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நேர்மாறு. மன்னார்குடியிலேயே இருப்பவரை யாரும் மன்னார்குடிக்காரர் என்று கூப்பிடுவதில்லை. வெளியூர் போய்க் குடியேறினால்தான் அந்தப் பெயர் ஒட்டும். ஓக்கன்பாட்டத்திலிருந்து கிளம்பிப் பக்கத்துப் பகுதிகளுக்குப் போனவர்களைத்தான் அங்கிருந்தவர்கள் அப்படி அழைத்தார்கள். அதனால்தான் பக்கத்து மாவட்டமான பழைய செஷயரின் மார்ப்பிள், ஸ்டாக்போர்ட் பக்கம் இந்தப் பெயர் அடர்ந்து கிடக்கிறது. ஓக்கன்பாட்டத்தில் மட்டும் தேடிவிட்டு ‘ஒன்றும் கிடைக்கவில்லை’ என்று சோர்ந்துபோகாதீர்கள்.

இப்போது கேடயத்துக்கு வருகிறேன். இதை நிதானமாக விளக்கியே தீர வேண்டும், ஏனென்றால் ஏமாற்று இங்கேதான் நடக்கிறது. இங்கிலாந்தில் இந்தக் கேடயச் சின்னம், அதாவது குலச்சின்னம், குடும்பப்பெயருக்கு வழங்கப்படுவதே இல்லை. ஒரு தனி மனிதருக்கு வழங்கப்படுகிறது. அவருடைய சட்டபூர்வமான ஆண்வழிச் சந்ததிக்கு அது இறங்குகிறது. அந்த வழியில் வராதவர், பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாலும், அதை உரிமை கொண்டாட முடியாது. ஒரே பெயரில் நான்கு பேருக்கு நான்கு வெவ்வேறு சின்னங்கள் வழங்கப்பட்டிருக்கலாம். அதே பெயருடைய மற்ற ஆயிரம் பேருக்கு எதுவும் இல்லாமலும் இருக்கலாம். வழங்கும் அமைப்பு லண்டனில் 1484 முதல் இருக்கும் குலச்சின்னக் கல்லூரி. குடும்பப்பெயருக்கென்று சின்னம் கிடையாது என்று அதுவே வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. விற்பவர்கள் செய்வது எளிய வேலை. 19ஆம் நூற்றாண்டில் அச்சான குலச்சின்னத் தொகுப்பைப் புரட்டி, அந்தப் பெயரோடு அல்லது அதை ஒத்த பெயரோடு யாரோ ஒருவருக்கு இருந்த சின்னத்தை எடுத்து, அந்தப் பெயரைத் தட்டச்சு செய்யும் எல்லோருக்கும் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். ஹிக்கின்பாதம் கிடைக்காவிட்டால் ஹிக்கின்ஸுக்கு இருந்ததைக் கொடுத்தாலும் வாங்குபவருக்குத் தெரியப்போவதில்லை. சின்னம் மொத்தத்தையும் ‘கிரெஸ்ட்’ என்று அவர்கள் அழைப்பதே தவறு. தலைக்கவசத்தின் மேல் உட்காரும் சிறு உருவத்துக்கு மட்டும்தான் அந்தப் பெயர். அந்த ஒரு சொல்லிலேயே விற்பவருக்குத் துறை தெரியாது என்பது விளங்கிவிடும். ஸ்காட்லாந்தில் சட்டம் இன்னும் கடுமை, உரிமையில்லாத சின்னத்தைப் பயன்படுத்துவது அங்கே குற்றம். தயவுசெய்து வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள், கோப்பில் சேர்க்காதீர்கள்.

அடுத்து, பெயர் எவ்வளவு அபூர்வம் என்ற பேச்சு. ‘எங்கள் பெயர் ரொம்ப அபூர்வம், உலகத்தில் இத்தனை பேர்தான்’ என்று ஓர் இணையதளம் எண் சொன்னதும் நம்பிவிடுகிறார்கள். அந்த எண் ஒரே ஒரு எழுத்துக்கோவையின் எண்ணிக்கை. இந்தப் பெயருக்கு ‘ஜி’ ஒன்று, இரண்டு, நடுவில் ‘சி-கே’, இரண்டாம் உயிர் ‘ஐ’ அல்லது ‘இ’, பின்பாதியில் இரட்டை ‘டி’ அல்லது ‘டி-எச்’, முடிவில் ‘ஏ’, ‘ஓ’ என்று எல்லாக் கலப்புகளும் உண்டு. ஹிக்கின்பாட்டம், ஹெகின்பாதம், ஹிக்கன்பாட்டம், ஹிக்கின்பாதம் ஆகியவற்றைத் தனித்தனியாக எண்ணினால் ஒவ்வொன்றும் அபூர்வமாகத்தான் தெரியும். சேர்த்து எண்ணினால்தான் பெயரின் உண்மையான பரவல் கிடைக்கும். பிரிட்டனின் 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லா வடிவங்களையும் மாவட்டவாரியாக வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். குடும்பம் எங்கிருந்து வந்திருக்கும் என்று அந்தப் பரவல் சொல்வதை எந்தத் தாளும் சொல்லாது.

‘நாங்கள் டி-எச் போடுபவர்கள், இரட்டை டி போடுபவர்கள் வேறு குடும்பம்’ என்ற பேச்சை இத்தோடு விட்டுவிடுங்கள். 19ஆம் நூற்றாண்டு வரை பெரும்பாலோர் தங்கள் பெயரைத் தாங்களே எழுதவில்லை. பாதிரியார் எழுதினார், எழுத்தர் எழுதினார், காதில் விழுந்தபடி எழுதினார். அண்ணன் ஞானஸ்நானத்தில் ஒரு வடிவம், தம்பி ஞானஸ்நானத்தில் இன்னொன்று, அதே தம்பியின் அடக்கப் பதிவில் மூன்றாவது. நாகரிகமாக ஒலிக்க வேண்டும் என்பதற்காக ‘டி-எச்’சுக்கு மாறிய குடும்பங்களும் உண்டு என்பது சரி. ஆனால் அந்த வடிவமே பிற்காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல. லங்காஷயர் ஊர்ப்பெயர்களில் இடைக்காலத்திலேயே அது தென்படுகிறது. எழுத்தை வைத்துக் குடும்பத்தைப் பிரித்தவர்கள், தங்கள் சொந்தக் கொள்ளுத்தாத்தாவையே ‘வேறு குடும்பம்’ என்று தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பெயர் ஒன்றானால் இரத்தமும் ஒன்றா? அபூர்வப் பெயர்களில் ஓரளவுக்கு. லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் 40 ஆங்கிலக் குடும்பப்பெயர்களைக் கொண்ட ஆண்களின் ஒய் குரோமோசோமை, அதாவது தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்கும் மரபுக்கூறை, ஒப்பிட்டார்கள். ஸ்மித் போன்ற பெருவாரிப் பெயர்களில் பொது மூதாதை தெரியவில்லை. அட்டன்பரோ என்ற அபூர்வப் பெயரில் ஏறத்தாழ 87 சதவீத ஆண்களிடம் ஒரே வகை இருந்தது. ஆனாலும் தத்தெடுப்பு, தாயின் பெயரைச் சுமந்த பிள்ளைகள், மனமுவந்து மாற்றிக்கொண்ட பெயர்கள் என்று சங்கிலி அறுபடும் இடங்கள் ஏராளம். அமெரிக்காவில் நீதிபதி ஏ. லியான் ஹிக்கின்பாதமும் டிராம்போன் கலைஞர் ஜே. சி. ஹிக்கின்பாதமும் கறுப்பினத்தவர்கள். அங்கே அடிமைமுறை வழியாகக் கைமாறிய ஆங்கிலப் பெயர்கள் கணக்கற்றவை. 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உரிமையாளர் பெயரின் கீழ் வயதும் பாலினமும் நிறமும்தான் இருக்கும், ஆளின் பெயர் பொதுவாக இருக்காது. 1870 கணக்கெடுப்பில்தான் விடுதலை பெற்றவர்கள் எல்லோரும் பெயரோடு வருகிறார்கள். அங்கே பெயர் ஒற்றுமையை உறவாக எடுத்துக்கொள்வது பெரும் பிழை.

சரி, எப்படித்தான் தேடுவது? உயிரோடிருக்கும் மூத்தவரிடமிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். புகழ்பெற்ற ஒருவரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி வராதீர்கள். இங்கிலாந்து, வேல்ஸில் அரசுப் பிறப்பு-இறப்புப் பதிவு 1837 ஜூலை 1 அன்று தொடங்கியது. தலைமைப் பதிவு அலுவலகத்தின் சொந்த இணைய அட்டவணையில் பிறப்புகளுக்குத் தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயர் தொடக்கத்திலிருந்தே உண்டு. அக்காலத்தில் அச்சான காலாண்டு அட்டவணைகளில் 1911-இன் பிற்பகுதியிலிருந்துதான் அது வருகிறது. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் நாள்கணக்கில் வீணாக்குகிறார்கள். 1841 கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதினார்கள், எனவே 30 என்று இருந்தால் 30 முதல் 34 வரை தேடுங்கள். 1837-க்கு முன்பு திருச்சபைப் பதிவேடுகள்தான் கதி. அவை 1538-இல் தொடங்க உத்தரவானவை, ஆனால் பல ஊர்களில் தொடக்க ஏடுகள் அழிந்துவிட்டன. 1752-க்கு முன் ஆங்கிலேயரின் ஆண்டு மார்ச் 25-இல் பிறந்தது. 1720 பிப்ரவரி என்று ஏட்டில் இருந்தால் நம் கணக்கில் அது 1721.

எழுத்துவேற்றுமையைச் சமாளிக்க, பெயரை ஒலியை வைத்துக் குறியீடாக மாற்றும் சவுண்டெக்ஸ் முறை உதவும். இந்தப் பெயரின் அநேகமாக எல்லா வடிவங்களும் எச் 251 என்ற ஒரே குறியீட்டில் விழும். ஆனால் முதலெழுத்தை அது மாற்றாது. ‘எச்’ விழுந்த இகின்பாட்டம் ஐ 251-க்கும், எகின்பாட்டம் இ 251-க்கும் போய்விடும். பழைய ஓக்கன்பாட்டம் ஓ 251. நான்கையும் தேட வேண்டும். அதோடு, பழைய கையெழுத்தில் பெரிய ‘எச்’சை வேறு எழுத்தாக வாசித்து அட்டவணை போட்டிருப்பார்கள். எதிலும் கிடைக்காவிட்டால் குடும்பப்பெயரை விட்டுவிட்டு, ஊர், முதற்பெயர், பிறந்த ஆண்டு ஆகியவற்றை மட்டும் கொடுத்துத் தேடிப் பாருங்கள்.

ஒரு ஞானஸ்நானப் பதிவு கிடைத்ததும் ‘இவர்தான்’ என்று மரத்தில் ஒட்டிவிடாதீர்கள்! மார்ப்பிள் பக்கத்தில் ஒரே தலைமுறையில் ஜான்கள் எத்தனையோ பேர். முதலில் அடக்கப் பதிவேட்டைப் பாருங்கள். அந்தக் குழந்தை மூன்று வயதில் இறந்திருந்தால் உங்கள் மரம் அங்கேயே சாய்ந்துவிடும். இணையத்தில் ஒருவர் செய்த இந்தத் தவறை நூறு பேர் நகலெடுத்து வைத்திருக்கிறார்கள். நூறு இடத்தில் இருப்பதால் அது உண்மையாகிவிடாது.

நம் ஊர்த் தேடலுக்கு வருகிறேன். சென்னை மாகாணத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் பிரதிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் என்/2 என்ற வரிசை அவற்றுக்குரியது. வங்காளத்துக்கு என்/1, பம்பாய்க்கு என்/3. குடும்பம் ரயில்வேயிலோ ராணுவத்திலோ இருந்திருந்தால் மூன்றையும் பாருங்கள், ஏனென்றால் இடமாற்றம் எங்கே கொண்டுபோயிருக்கும் என்று சொல்ல முடியாது. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்கள் சங்கத்தின் தேடல் தளம் இலவசம். முதலில் அங்கே தொடங்குங்கள். ‘புத்தகக் கடை ஹிக்கின்பாதம் எங்களுக்கு உறவா’ என்ற கேள்விக்கும் இந்த ஏடுகளில்தான் விடை இருக்கிறது.

விசா விஷயம் மட்டும் தெளிவாகக் கேளுங்கள். வம்சாவளி விசாவுக்குக் குடும்பப்பெயரோ ஆங்கிலோ-இந்தியச் சமூகச் சான்றோ கணக்கில்லை. பொதுவாகத் தாத்தா பாட்டி நால்வரில் ஒருவராவது பிரிட்டனில் பிறந்திருக்க வேண்டும். கொள்ளுத்தாத்தா போதாது. அந்தத் தாத்தா அல்லது பாட்டியின் முழுவடிவப் பிறப்புச் சான்று, உங்கள் அப்பா அல்லது அம்மாவின் பிறப்புச் சான்று, உங்களுடையது, நடுவில் பெயர் மாறிய ஒவ்வொரு திருமணத்துக்கும் சான்று, இத்தனையும் சங்கிலியாகப் பொருந்த வேண்டும். குறுவடிவச் சான்றில் பெற்றோர் பெயர் இருக்காது, அதை வாங்கிவிட்டு மறுபடி அலையாதீர்கள். ஒரு சான்றில் ஹிக்கின்பாட்டம், அடுத்ததில் ஹிக்கின்பாதம் என்று இருந்தால் மறைக்க வேண்டாம். இருவரும் ஒருவரே என்பதற்கு முகவரி, தொழில், மனைவி பெயர் ஒத்துப்போகும் ஆவணங்களைச் சேர்த்து, எழுத்து ஏன் மாறியது என்று ஒரு பக்கக் கடிதம் வையுங்கள். சான்றிதழ்களை அரசுப் பதிவு அலுவலகத்திலேயே நேரடியாகக் கேளுங்கள், இடைத்தரகர் தளங்கள் அதையே பல மடங்கு விலைக்கு விற்கின்றன.