ஃபோர்ஸைக் கூட்டாதீர்கள், கீலைப் பாருங்கள்

போன வாரம் கோவையில் ஒரு வீடு. ஆட்டோமேட்டிக் கேட் மூடும்போது பாதியில் நின்று திரும்பிப் போகிறது என்று ஒரு மாதமாகத் தொல்லை. யாரோ வந்து "சரிசெய்து" கொடுத்திருக்கிறார். மோட்டாரை இயக்கும் போர்டில், கேட் எவ்வளவு பலமாகத் தள்ளலாம் என்று வைக்கும் ஃபோர்ஸ் திருகை முழுக்கக் கூட்டிவிட்டார். குறுக்கே ஏதாவது வந்தால் கேட்டை நிறுத்தச் சொல்லும் சென்சார் அவ்வப்போது மக்கர் பண்ணியதால், போர்டில் அதன் இரண்டு முனைகளையும் விரல் நீளச் சிவப்பு வயர் ஒன்றால் சேர்த்துவிட்டார்; இனி எது குறுக்கே வந்தாலும் வழி காலி என்றே போர்டு நினைக்கும். பத்தாம் நாள், மூடிக்கொண்டிருந்த கேட்டுக்கும் தூணுக்கும் நடுவில் அந்த வீட்டுப் பையனின் சைக்கிள் மாட்டியது. பையன் குதித்துவிட்டான். முன்சக்கரம் அப்பளமாக நெளிந்து கிடந்தது. இந்த வருடம் நான் இப்படிப்பட்ட வயரைப் பிடுங்கிய நாலாவது வீடு இது.

மோட்டார் கேட்டைச் சுமப்பதில்லை. சுமப்பது கீல். இதை எத்தனை முறை சொன்னாலும், "கனமான கேட் சார், பெரிய மோட்டாராப் போட்டா இழுக்காதா?" என்றுதான் கேட்கிறார்கள். இழுக்கும். நடுவில் எது இருந்தாலும் சேர்த்து இழுக்கும்.

கரண்டை நிறுத்தி, மோட்டாரின் பிடியிலிருந்து கதவை விடுவிக்கும் ரிலீஸ் சாவியைப் போட்டு, கதவைக் கையால் தள்ளிப் பாருங்கள். ஒரு கையால், மூச்சுப் பிடிக்காமல் நகர வேண்டும். பாதியில் விட்டால் விட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். தானாக ஓடினால் தூண் சாய்ந்திருக்கிறது, அல்லது கீல்கள் ஒன்றுக்கு நேர் மேலே ஒன்றாக இல்லை. அந்த வீட்டில் கீழ்க் கீல் தேய்ந்து, பத்தடிக் கதவின் நுனி சிமென்ட் தரையில் வில்லாக ஒரு கோடே கிழித்திருந்தது. உரசலைத் தடை என்று கண்டு மோட்டார் திரும்பியிருக்கிறது. அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. குற்றவாளி கீல்.

ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 12453, மூடும் கதவின் இடைவெளி அரை மீட்டருக்குள் வந்ததும் மோதும் விசை 400 நியூட்டனைத் தாண்டக் கூடாது என்கிறது. சுமார் 40 கிலோ எடை அழுத்துவது போல. அது நுனியில். அதே பத்தடிக் கதவில், கீலிலிருந்து ஓரடி தள்ளி விரல் மாட்டினால் அழுத்தம் பத்து மடங்கு. கீல் பக்கத்து இடுக்கில் பிள்ளைகள் கை வைக்காதபடி அடைத்துக் கொடுக்கச் சொல்லி நான் சண்டை போடுவது இதனால்தான்.

புதிதாகப் போடுகிறவர்களுக்கு: செங்கல் தூணில் வெறும் போல்ட் அடித்து மோட்டாரைத் தாங்கும் பிராக்கெட்டை மாட்டாதீர்கள், ஆடிவிடும். திறந்து நிற்கும் இடத்திலும் மூடும் இடத்திலும் தரையில் ஸ்டாப்பர் வேண்டும். கேட்டில் வெல்டிங் வைக்கும் முன் போர்டு இணைப்பைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் போர்டு போய்விடும். ஃபோர்ஸை, கதவு நகரத் தேவையான அளவுக்கு ஒரு துளி மேலே வைத்து நிறுத்துங்கள். பிறகு காலி அட்டைப்பெட்டியைக் குறுக்கே வைத்து மூடிப் பாருங்கள். பெட்டி நசுங்கிய பிறகும் கதவு தள்ளிக்கொண்டே போனால் இன்னும் குறைக்க வேண்டும். சென்சார் இருக்கிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள், அது பார்ப்பது முழங்கால் உயரத்தில் ஒரே ஒரு கோட்டைத்தான்.

ரிலீஸ் சாவி பீரோவில் இருக்கக் கூடாது. வீட்டில் இருக்கும் பாட்டிக்கும் அதைத் திருப்பத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏற்கெனவே கேட் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர்களை ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். மெயினை அணைத்துவிட்டு, தெரிந்த ஆளை விட்டுப் போர்டு மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். சென்சார் முனைகளுக்கு நடுவே குட்டி வயர் ஒன்று பாலம் போலக் கிடந்தால், அதை எடுத்துச் சென்சாரைச் சரிசெய்யும்வரை ரிமோட்டைத் தொடாதீர்கள். கேட்டைக் கையால் திறந்து மூடுங்கள்.