பூஜ்யத்துக்குக் கீழே என்ன நடக்கிறது?

சொந்தமாக ஒரு டேபிள்டாப் ரோல்பிளேயிங் விளையாட்டுக்கு (மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடுவது) விதி எழுதிக்கொண்டிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஹிட் பாயிண்ட், அதாவது மீதமுள்ள உயிரைக் காட்டும் எண், பூஜ்யம் ஆனதும் கதாபாத்திரம் செத்துவிட வேண்டுமா, இல்லை கொஞ்ச நேரம் உயிருக்குப் போராட வேண்டுமா? நான் இரண்டாவது கட்சி. காரணம் நிகழ்தகவில் இருக்கிறது.

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற இவ்வகை விளையாட்டில் பூஜ்யம் என்றால் மரணம், அவ்வளவுதான். ஆரம்பக் கட்டமான முதல் நிலையில் மந்திரவாதியின் உயிர் ஒரு ஆறுமுகப் பகடையில் விழும் எண், எந்த ஆயுதம் பட்டாலும் சேதமும் அப்படியே ஒரு ஆறுமுகப் பகடையில் விழும் எண். 36 சேர்க்கைகளில் 21இல் சேதம் உயிருக்குச் சமமாகவோ மேலாகவோ வரும். அதாவது ஒரே அடியில் சாக 58 சதவீத வாய்ப்பு! பக்கத்தில் நிற்கும் நண்பன் ஓடிவந்து காப்பாற்ற நேரமே கிடையாது.

அந்த நேரத்தைக் கொடுக்கத்தான் 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு, −10 வரை போனால்தான் சாவு என்றது. நல்ல எண்ணம்தான், ஆனால் அந்த இடைவெளி எப்போதும் பத்துதான், சேதமோ நிலைக்கு நிலை ஏறிக்கொண்டே போகிறது. எட்டு ஆறுமுகப் பகடை உருட்டும் ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரத்தின் சராசரிச் சேதம் 28. மீதம் 12 ஹிட் பாயிண்ட் உள்ளவர் மேல் அது முழுதாகப் பட்டால், பத்தில் ஒன்பது முறை அந்த இடைவெளியை ஒரே தாண்டாகத் தாண்டி நேராக மரணம்.

2014இன் ஐந்தாம் பதிப்பு இதை அவிழ்த்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. எதிர்ம எண்ணே கிடையாது. பூஜ்யம் ஆன பிறகும் மிஞ்சும் சேதம் உங்கள் முழு ஹிட் பாயிண்ட் அளவைத் தொட்டால் உடனடி மரணம். இல்லையென்றால் எவ்வளவு பலமான அடியானாலும் பூஜ்யத்தில் நிற்பீர்கள். அப்புறம் உங்கள் முறை வரும்போதெல்லாம் ஒரு 20 முகப் பகடை: 10 அல்லது மேலே வந்தால் ஒரு வெற்றி, கீழே என்றால் ஒரு தோல்வி, 1 வந்தால் இரண்டு தோல்வி, 20 வந்தால் ஒரு ஹிட் பாயிண்ட்டோடு எழுந்துவிடலாம். மூன்று வெற்றி முதலில் வந்தால் பிழைப்பீர்கள், மூன்று தோல்வி முதலில் வந்தால் மரணம். அதிகபட்சம் ஐந்தே உருட்டலில் விஷயம் முடிந்துவிடும்.

கடைசியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பாருங்கள், யாரும் உதவாவிட்டால் சாகும் வாய்ப்பு 40.5 சதவீதம். முதல் உருட்டல் சாதாரணத் தோல்வி என்றால் அது 58 ஆகிறது, இரண்டாவதும் அப்படியே தோல்வி என்றால் 79. பகடை மாறவில்லை, ஒவ்வொரு உருட்டலிலும் அதே 55 சதவீத வெற்றிதான், ஆனால் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களின் பதற்றம் படிப்படியாக ஏறுகிறது, ஒவ்வொரு படிக்கும் நடுவே ஹீலர் (காயம் ஆற்றும் கதாபாத்திரம்) ஓடிவர ஒரு வாய்ப்பு இருக்கிறது. மூன்றைத் தொடும் பந்தயமாக அமைத்ததால்தான் இது கிடைக்கிறது.

இந்த இடத்தில்தான் "ரெண்டு தடவை போயிடுச்சு, மூணாவது கண்டிப்பா விழும்" என்பார்கள். கண்டிப்பெல்லாம் கிடையாது. பகடைக்கு ஞாபகம் கிடையாது, ராசியான பகடை என்பதும் கிடையாது. லாட்டரியில் குடும்பங்களை அழித்த அதே நம்பிக்கை இது, விளையாட்டு மேஜையிலாவது அதைக் கணக்கால் உடைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்த விதிக்கும் ஒரு ஓட்டை உண்டு. விழுந்தவருக்கு ஒரே ஒரு ஹிட் பாயிண்ட் கொடுத்தால் போதும், முழு பலத்தோடு எழுந்து சண்டை போடுவார், மறுபடி விழுவார், மறுபடி எழுவார். சாவுக்கு மரியாதையே போய்விடுகிறது. பல குழுக்கள் சொந்தமாகப் போட்டுக்கொண்ட விதியையே அந்த வாசகருக்கும் சொல்வேன்: ஒவ்வொரு முறை விழும்போதும் களைப்பு (நிலை நிலையாக ஏறி ஆளைப் பலவீனமாக்கும் அளவு) ஒரு நிலை ஏறட்டும். 2014 விதிப்படி மூன்றாம் நிலைக் களைப்பில், உயிர் காக்கும் உருட்டலுக்கும் இரண்டு பகடை உருட்டிச் சிறியதை எடுக்க வேண்டும். அப்போது 55 சதவீதமாக இருந்த வெற்றி வாய்ப்பு 30க்கு இறங்கிவிடும்.